இரவல் ஜாதிக்காய்

1767 பிப்ரவரி 2, திங்கள்

துணி துவைக்கிற நாள். வாளித் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி பனிக்கட்டி. விறகுக் கட்டையால் உடைத்துத்தான் மொண்டேன். விரிப்புகள், துரையின் சட்டைகள், துரைசாணியின் உள்பாவாடைகள். பிழிந்துகொண்டிருந்த நோரா திடீரென்று வேலியோரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். நான் பார்த்து இது மூன்றாவது தடவை.

"என்னடி, கிரேஞ்சர் துரை வீட்டுச் சோளக்கஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு? காய்ச்சினவ பக்கத்துலதான் நிக்கிறேன், பாத்துப் பேசு."

"பன்னிக்கொழுப்பு வாடை ஒத்துக்கலக்கா."

"மூணு வருஷமா ஒத்துக்கிட்டுதே. இப்ப என்ன புதுசா வந்த மகாராணியா நீ?"

உடனே அழுதாள். ஈர விரிப்பின் ஒரு முனையை நீட்டினேன். "இதுல மூக்கைச் சிந்திக்க. எப்படியும் இன்னொரு தடவை அலசணும்" என்றேன். அழுகையோடு சிரித்தாள்.

நோரா இந்த வீட்டு ஒப்பந்த வேலைக்காரி. அயர்லாந்துக்காரி, இருபது வயது. கப்பல் கூலிக்குப் பதிலாக ஐந்து வருஷம் உழைக்கிறேன் என்று எழுதிக்கொடுத்து மேரிலாந்துக்கு வந்தவள். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. என்னை நான்சி என்று கூப்பிடுவாள். நான் அதை அக்கா என்றே எழுதிக்கொள்கிறேன். ஞானப்பூ என்று தரங்கம்பாடிப் பாதிரியார் தண்ணீர் ஊற்றி வைத்த பேர் இங்கே ஒருவர் வாயிலும் நுழையாது.

பிப்ரவரி 8, ஞாயிறு

கோயில். பிரசங்கம் நீளம். நோரா மயங்கி என் தோளில் சாய்ந்தாள். பக்தி என்று சுற்றி இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 19, வியாழன்

பழைய பஞ்சாங்கத்தின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். துரை பார்த்துவிட்டு, "என்ன நான்சி, பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கு?" என்றார். "பாவங்களை எழுதி வைக்கிறேன் ஐயா" என்றேன். "உனக்கு என்ன பாவம் இருக்கப் போவுது" என்று சிரித்துக்கொண்டே போனார். யாருடைய பாவம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பாதிரியார் பள்ளிக்கூடத்தில் மணலில் இரண்டு வருஷம் எழுதியதுதான் என் படிப்பு. இந்த ஊரில் இதைப் படிக்க ஒருவரும் இல்லை. அதனால் பூட்டும் தேவையில்லை.

இருபத்திரண்டு வயதில் ஒரு கேப்டன் மனைவிக்கு ஆயாவாகக் கப்பலேறினேன். லண்டனில் அந்த அம்மாள் செத்துப் போனாள். போன கையோடு என்னை இந்தக் கிரேஞ்சர் துரையிடம் ஏழு வருஷத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். இப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. என் விடுதலைச் சீட்டு எங்கே என்று கேட்டால் தேடிப் பார்க்கிறேன் என்கிறார் துரை. பாவம், பதினேழு வருஷமாகத் தேடுகிறார்.

மார்ச் 10, செவ்வாய்

பால் அறையில் வெண்ணெய் கடையும் வேலையை இனிமேல் நான் பார்க்கிறேன் என்றேன். துரைசாணி ஒத்துக்கொள்ளவில்லை. உனக்கு அடுப்படியே சரி, நோராவின் கைதான் குளிர்ச்சி, வெண்ணெய் நன்றாகத் திரளும் என்றாள்.

பால் அறைக் கதவுக்கு உள்தாழ் கிடையாது. நான் வந்த நாளிலிருந்தே கிடையாது.

ஏப்ரல் 7, செவ்வாய்

துரைசாணிக்குத் தெரிந்துவிட்டது. நோரா மாவு சலித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, இரண்டு கையாலும் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். சந்தையில் வான்கோழியைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

"எத்தனை மாசம்?"

"தெரியாதும்மா."

"யாரு?"

நோரா சல்லடையை இன்னும் வேகமாக ஆட்டினாள். துரைசாணி என்னைப் பார்த்தாள். நான் மாவைப் பார்த்தேன். அதில் ஒரு புழு இருந்தது, எடுத்துப் போட்டேன்.

"நான்சி, உனக்குத் தெரியுமா?"

"எனக்கு அடுப்படியே சரின்னு நீங்கதானேம்மா சொன்னீங்க. அடுப்புக்கு அந்தப் பக்கம் நடக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?"

ஏப்ரல் 9, வியாழன்

நோராவுக்கு இங்கத்துச் சட்டம் தெரியவில்லை. உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே சொன்னேன்.

கல்யாணமாகாமல் பெற்றால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தகப்பன் யார் என்று தெரிந்து, அவன் ஜாமீன் கொடுத்துப் பிள்ளையின் சாப்பாட்டுக்குப் பொறுப்பேற்றால், பிள்ளை தாயிடமே இருக்கும். தகப்பன் இல்லாவிட்டால் தாய்க்குக் கசையடி. பிள்ளையைக் கோயில் விசாரணைக்காரர்கள் கொண்டுபோய் ஏதாவது ஒரு வீட்டில் வேலைக்கு எழுதிக்கொடுத்துவிடுவார்கள். வளர்ந்து ஆளாகும் வரை அங்கேதான்.

"யாரு தகப்பன்னு நான் சொன்னா நம்புவாங்களா?"

"சும்மா சொன்னா நம்ப மாட்டாங்க. வலி உச்சத்துக்கு வரும் பாரு, அப்ப மருத்துவச்சி கேப்பா. அந்த நேரத்துல பொய் வராதுன்னு இவங்களுக்கு ஒரு நம்பிக்கை. நீ சொல்றதைச் சுத்தி நிக்கிற பொம்பளைங்க கேட்டுக்கிட்டு வந்து நீதிமன்றத்துல சத்தியம் பண்ணணும். அப்பத்தான் செல்லும்."

"சுத்தி யாரும் இல்லைன்னா?"

நான் கிழங்கைக் கழுவப் போய்விட்டேன்.

மே 5, செவ்வாய்

புகையிலை நாற்று நட மழைக்காகக் காத்திருக்கிறார்கள். சேவல் ஒன்று கிணற்றில் விழுந்தது. எடுத்துக் குழம்பு வைத்தேன். அதற்கு இவர்கள் ஸ்டூ என்று பேர் வைத்திருக்கிறார்கள். மிளகு போதாது, மசாலாப் பெட்டிச் சாவி துரைசாணியின் இடுப்பில்.

மே 23, சனி

துரைசாணி நோராவை மாடிக்குக் கூப்பிட்டு ரொம்ப நேரம் பேசினாள். நோரா இறங்கி வரும்போது முகம் தெளிந்திருந்தது.

"அம்மா நல்லவங்கக்கா. போன வருஷம் வந்துட்டுப் போனானே மேத்யூன்னு ஒரு கப்பல்காரன், அவன் பேரைச் சொல்லச் சொன்னாங்க. சொன்னா என் வருஷத்துல ஆறு மாசம் கழிச்சிடுவாங்களாம். கசையடி இல்லாம தானே பேசி முடிக்கிறாங்களாம்."

"நல்ல பையன் மேத்யூ. அழகா இருப்பான். நீ அவனைப் பாத்திருக்கியா?"

"ஒரு தடவை. மூட்டை இறக்கும்போது."

"அம்மாடி! மூட்டை இறக்கும்போது பாத்தே கர்ப்பமாயிட்டியா? அப்ப இந்தத் துறைமுகத்துல ஒரு பொண்ணும் ஜன்னல் திறக்க முடியாதே."

சிரித்தாள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"மேத்யூ இப்ப எங்க?"

"கடல்ல."

"கடல்ல இருக்கிறவன்கிட்ட ஜாமீன் வாங்க யார் போவா? நீ போவியா, நீதிபதி போவாரா?"

நோரா காய் நறுக்க எடுத்த கத்தியைக் கீழே வைத்தாள். சட்டத்தை அவளே ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். தகப்பன் இல்லாவிட்டால் பிள்ளை இல்லை. கடலில் இருக்கிற தகப்பன் இல்லாத தகப்பன்தான்.

"ஆனா ஆறு மாசம் கழிக்கிறாங்களே அக்கா" என்றாள், சின்னக் குரலில்.

"கழிப்பாங்க. கழிக்கிறதுல இந்த வீட்டுக்காரங்க கெட்டிக்காரங்க."

ஜூன் 14, ஞாயிறு

நோரா மேத்யூ பேரையும் சொல்லிப் பார்க்கிறாள், மற்ற பேரையும் சொல்லிப் பார்க்கிறாள். வாய்க்குள்தான். எது வெளியே வரும் என்று அவளுக்கே தெரியாது. நான் எதுவும் சொல்லவில்லை. அவள் பிள்ளை, அவள் முதுகு.

ஜூன் 29, திங்கள்

துவைக்கிற நாள். குனிய முடியாமல் நின்றபடியே அலசினாள் நோரா.

"உனக்குப் பிள்ளை இருக்காக்கா?"

"இருக்கா. ரேச்சல். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில இருக்கா. பதினெட்டு வயசு. என் நிறத்துப் பிள்ளைங்கன்னா முப்பத்தொண்ணு வரைக்கும் எழுதி வாங்குவாங்க."

"உன்கிட்டயும் மருத்துவச்சி கேட்டாளா?"

"கேட்டா. இதே தொர்க்காள் அம்மாதான். அப்ப அவளுக்குத் தொழில் புதுசு."

"நீ சொல்லலியா?"

"ஏன் சொல்லல? ஒண்ணு விடாம சொன்னேன். யாரு, எங்க, எத்தனை தடவை, கதவு எப்படி இருந்துச்சு, எல்லாம். ஒரே ஒரு குறை. வலியில இங்கிலீஷ் மறந்துபோச்சு. முழுக்கத் தமிழ்லயே கத்திட்டேன்."

நோராவுக்குச் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை. நான் சிரித்தேன், அதனால் அவளும் சிரித்தாள். அன்றைக்கு அறையில் தொர்க்காளும் துரைசாணியும் மட்டும்தான் இருந்தார்கள். வேறு யாரையும் கூப்பிடவில்லை.

ஜூலை 21, செவ்வாய்

வெக்கை. பால் திரிந்தது. துரை ஊரில் இல்லை. வீடு கொஞ்சம் அகலமான மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

விடிந்ததும் நோராவுக்கு வலி கண்டது. துரைசாணி அடுப்படிக்கு வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தொர்க்காளை மட்டும் கூட்டிட்டு வா. தெருவெல்லாம் தமுக்கு அடிக்காதே. ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

"சரிம்மா."

நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிள்ளைவலிக்காரிக்கு இங்கே ஒரு கஞ்சி காய்ச்சுவார்கள். பீர், முட்டை, ஓட்ஸ் மாவு, சர்க்கரை, மேலே ஜாதிக்காய் துருவிப் போட வேண்டும். ஜாதிக்காய் எங்கள் மசாலாப் பெட்டியில் நிறைய இருக்கிறது. ஆனால் சாவி துரைசாணியிடம். அந்த நேரத்தில் அவளைத் தொந்தரவு பண்ணுவானேன்?

போகிற வழியில் பீப்பாய் செய்கிறவன் மனைவி பேஷன்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"பேஷன்ஸ் அம்மா, ஒரு ஜாதிக்காய் இரவல் கிடைக்குமா?"

"ஜாதிக்காயா? காலங்காத்தால எதுக்கு?"

"கஞ்சிக்கு."

பேஷன்ஸ் என்னைப் பார்த்தாள். அடுப்பில் ரொட்டி இருந்தது. "ஜான், ரொட்டியைப் பாத்துக்க!" என்று புருஷனைப் பார்த்துக் கத்திவிட்டு மேலங்கியைத் தேட ஆரம்பித்தாள். பேஷன்ஸ் என்றால் பொறுமை என்று அர்த்தமாம். அவள் அப்பாவுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

ஒரு காய் போதுமோ போதாதோ என்று படகுத்துறை விதவை மார்த்தாவிடமும் ஒன்று கேட்டேன். அவள் ஒன்றுமே கேட்கவில்லை. ஜாதிக்காயை என் கையில் வைத்துவிட்டுக் கோழிகளைக் கூண்டில் அடைத்தாள். பிறகு கோயில் சாமியாரின் அக்காவிடமும் கேட்டேன். அந்த அம்மாள் பொய்ச் சத்தியம் என்ற பேச்சை எடுத்தாலே காதைப் பொத்திக்கொள்கிறவள். "பாவம், யாருக்கு?" என்றாள். "எனக்கு ஜாதிக்காய் மட்டும்தான் வேணும்மா" என்றேன். பின்னல் ஊசியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கடைசியாகத் தொர்க்காளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மூன்று பேரும் வாசலில் நின்றிருந்தார்கள். துரைசாணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சின்ன விஷயம். உங்க எல்லாருக்கும் வேலை இருக்கும். வெயில் ஏறுறதுக்குள்ள..."

"எங்க வீட்டு வேலையெல்லாம் முடிஞ்சுதும்மா" என்று பேஷன்ஸ் உள்ளே நுழைந்தாள். வீட்டில் ரொட்டி கருகிக்கொண்டிருந்திருக்கும்.

மதியம் தாண்டியும் பிள்ளை வரவில்லை. நான் வெந்நீர், துணி, கஞ்சி என்று ஏறி இறங்கினேன். நோரா ஒரு கட்டத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஐந்து விரலும் பதிந்த அடையாளம் இப்போதும் இருக்கிறது.

சூரியன் மேற்கு ஜன்னலுக்கு வந்தபோது தொர்க்காள் கைகளைத் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அதுதான் முறை. பேர் வருகிற வரை மருத்துவச்சி தொட மாட்டாள்.

"நோரா. செத்தாலும் செத்துப் போவே. கடவுள் முன்னாடி சொல்லு. இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் யாரு?"

நோரா கத்தினாள். பேர் இல்லை, கத்தல் மட்டும்.

துரைசாணி தலைமாட்டில் குனிந்தாள். "அந்தக் கப்பல்காரன்னு சொல்லுடி. மேத்யூ. சொல்லிட்டா முடிஞ்சுது."

"மே..." என்றாள் நோரா.

நான் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். கரண்டி நின்றுவிட்டது.

"துரைசாணியம்மா" என்றாள் பேஷன்ஸ். "கேக்க வேண்டியது மருத்துவச்சி. நம்ம வேலை கேட்டுக்கிறது மட்டும்தான். வாயிலேருந்து வர்றதைக் கேக்கணும். நாம வாய்க்குள்ள போட்டுட்டு அப்புறம் கேக்கக் கூடாது."

தொர்க்காள் மறுபடியும் கேட்டாள். நோரா கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தாள். பேஷன்ஸ், மார்த்தா, சாமியாரின் அக்கா. ஒவ்வொரு முகமாக எண்ணுகிற மாதிரிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, எண்ணிக்கையில் நான் சேர்த்தியில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"கப்பல்காரன் யாரும் இல்ல. கிரேஞ்சர் துரை. இந்த வீட்டுத் துரை. பால் அறையில."

"இன்னொரு தடவை."

"கிரேஞ்சர் துரை."

"இன்னொரு தடவை சொல்லு."

மூன்றாவது தடவை அவள் சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும். பின்னல் ஊசி நின்றது. தொர்க்காள் உடனே முன்னால் வந்து கை வைத்தாள். அதற்குப் பிறகு ஒரு பானைத் தண்ணீர் கொதிக்கிற நேரம்தான். பெண் குழந்தை. செம்பட்டை முடி. நல்ல குரல்.

துரைசாணி இரவு சாப்பாட்டுக்கு என்ன என்று பார்க்கக் கீழே போய்விட்டாள். கஞ்சியை எல்லாரும் குடித்தார்கள். ஜாதிக்காய் கொஞ்சம் கூடிப்போயிற்று.

ஆகஸ்ட் 12, புதன்

"அவங்களை யாரு கூப்பிட்டது?" என்றாள் துரைசாணி.

"யாரும் கூப்பிடலம்மா."

"பின்ன எப்படி வந்தாங்க?"

"ஜாதிக்காய் இரவல் கேட்டேன். காயைக் கொடுத்துட்டு அவங்களும் வந்துட்டாங்க. நல்ல ஜனங்க."

"நம்ம பெட்டியில இருக்கே!"

"சாவி உங்க இடுப்புல இருந்துச்சும்மா."

கன்னத்தில் ஒன்று விழுந்தது. மோதிரம் பட்டது. பிறகு மூன்று ஜாதிக்காயை எடுத்து மேசையில் வைத்து, இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்றாள். அதில் ஒன்று பாதியாகத் துருவியது. அதைப் பேஷன்ஸிடம் கொடுத்தேன். அவள் என் கன்னத்தைப் பார்த்துவிட்டுத் தன்னிடம் இருந்த இன்னொன்றை எடுத்து என் கையில் திணித்தாள்.

ஆகஸ்ட் 17, திங்கள்

அடுப்படி எனக்கு இனி இல்லை. புகையிலைக் கொட்டகையில் இலை கட்டுகிற வேலை. திங்களன்று மட்டும் துவைக்க வரலாம். இலைப் பிசின் விரலை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. தாளில் கறை படிந்தால் அது அதுதான்.

துரை கொட்டகைக்கு வரும்போது இப்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. எனக்கும் பதில் சிரிக்கிற வேலை மிச்சம்.

செப்டம்பர் 8, செவ்வாய்

நீதிமன்றம். நோராவின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்று தொர்க்காள் கேட்டதால் என்னை அனுப்பினார்கள்.

துரை தன் தரப்பில் கப்பல்காரன் கதையைச் சொன்னார். துரைசாணியும் சொன்னாள். பிறகு தொர்க்காள், பேஷன்ஸ், மார்த்தா, சாமியாரின் அக்கா என்று நான்கு பேர் வேதப் புத்தகத்தில் கை வைத்து, கேட்டதைச் சொன்னார்கள். மூன்று தடவை, ஒரே பேர். சாமியாரின் அக்கா பேசும்போது நீதிபதியே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

என்னை யாரும் கேட்கவில்லை. என் நிறத்தில் உள்ளவர்கள் வெள்ளைக்காரர் மேல் சாட்சி சொல்ல இங்கே முடியாது. அறையில் நானும் இருந்தேன். முக்காலியும் இருந்தது.

தீர்ப்பு: பிள்ளையின் சாப்பாட்டுக்குத் துரை ஜாமீன் கொடுக்க வேண்டும். பிள்ளை தாயிடமே இருக்கலாம். நோராவின் மிச்ச வருஷங்கள் இனி இந்த வீட்டில் இல்லை, ஆற்று மேட்டில் மாவு அரைக்கிறவன் வீட்டில். கசையடி இல்லை. ஆறு மாசக் கழிவும் இல்லை.

வெளியே வந்ததும் தொர்க்காள் என் பக்கத்தில் நடந்தாள்.

"நான்சி. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி நீ அந்த அறையில கத்தினியே."

"கத்தாம பெத்துக்க யாருக்குத் தெரியும்?"

"உன் பாஷை எனக்குத் தெரியாது. ஆனா அதுக்கு நடுவுல ஒரு பேர் வந்துச்சு. அது எனக்குப் புரிஞ்சுது."

நான் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"துரைசாணியும் நானும்தான் இருந்தோம். அவங்க ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிட்டாங்க. நான் தொழிலுக்குப் புதுசு. ஒத்தையா என்ன பண்ணியிருப்பேன்? பேர் சொல்லலன்னு எழுதிட்டேன்."

"உங்க காது அப்பவே நல்லா இருந்திருக்கு தொர்க்காள் அம்மா" என்றேன். "வாய்க்குத்தான் மருந்து பாத்திருக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. அந்தப் பேர் எது என்று நானும் கேட்கவில்லை. திரும்பி வந்து நாற்பது கட்டு இலை கட்டினேன்.

செப்டம்பர் 14, திங்கள்

துவைக்கிற நாள். பாதி வேலையில் மாவுக்காரன் வண்டி வாசலில் வந்து நின்றது. நோராவுக்கு ஒரு மூட்டை, ஒரு போர்வை, அவ்வளவுதான் சாமான். மாடி ஜன்னல் மூடியிருந்தது.

"நீ எப்பக்கா வருவே என்னைப் பாக்க?"

"சீட்டைத் தேடிக்கிட்டிருக்காங்க. கிடைச்சதும் மறுநாளே வரேன். எனக்காக நல்ல மாவா எடுத்து வை, புழு இல்லாததா."

வண்டி உயரம். ஏறும்வரை பிள்ளையைப் பிடித்துக்கொள் என்று என்னிடம் கொடுத்தாள். என் கை ஈரம். பிள்ளை ஒரு தடவை முகத்தைச் சுளித்துவிட்டுத் தூங்கியது.

ரேச்சலுக்கு நாலு வயதாகும்போது இதே வாசலில் ஒரு வண்டி வந்தது. ஏற்றிவிடு என்றார்கள். முகம் கழுவி, தலை வாரி, தூக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவன் யாரோ. அவன் கை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது, சுண்டுவிரல் இல்லை.

நோரா மேலே உட்கார்ந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். நான் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தேன். அவள் பிடித்துக்கொண்டாள். நானும் பிடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"விடுக்கா" என்று சிரித்தாள் நோரா. "நான்தானே வாங்கறேன்."

விட்டேன்.